விடியாத புதன்

அந்தத் திங்கட்கிழமை நான் முற்றத்தை மூன்று தடவை கூட்டினேன். மூன்றாவது தடவை கூட்டுவதற்கு ஒரு வேப்பிலைகூடக் கிடக்கவில்லை. வெறும் மணலில் கோட்டுக்கு மேல் கோடாக இழுத்துக்கொண்டு நின்றேன்.

மருமகள் யன்னலால் எட்டிப் பார்த்தாள். என் தம்பியின் மகள். கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே கொம்பியூட்டர் வேலை செய்கிறாள். கரம்பொனில் இந்த வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேரும்தான்.

"என்ன மாமி, மண்ணையும் அள்ளிக் கொட்டப் போறியளோ?"

"குப்பை கிடந்தது, பிள்ளை."

"எங்க கிடந்தது? காட்டுங்கோ, நானும் பாக்கிறன்."

நான் திரும்பிக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டேன். சொல்ல வேண்டிய கதையைக் காலையில் இருந்து சொல்லாமல் வைத்திருந்தேன். விடிந்ததும் கைபேசியில் எங்கள் ஊர் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தேன். என் வீட்டுக்காரரின் பெயருக்கு நேரே 'ஆவணி, அபரபக்கத் தசமி' என்று போட்டிருந்தது. அவர் போனது ஏகாதசியில். பதினான்கு வருடமாக ஏகாதசியில்தான் அவருக்குத் திவசம் நடக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எழுதுகிற பழக்கம் விட்டுப் போகவில்லை. கல்யாணம் முடித்து வந்த காலத்தில் புகுந்த வீட்டுத் திவசங்கள் மறந்துபோகாமல் இருக்க ஒரு கொப்பியில் குறிக்கத் தொடங்கினேன். பிறகு அயலட்டைக்காரர், அதற்குப் பிறகு நாரந்தனைச் சொந்தக்காரர் என்று ஆட்கள் வேலியால் கூப்பிட்டு, "அக்கா, எங்கட அப்பான்ரையையும் ஒருக்கால் எழுதி வையுங்கோ" என்றார்கள். பெயர், இறந்த திகதி, இறந்த நேரம், ஐயர் கணித்துச் சொன்ன திதி. இப்படியே நாலு கொப்பி நிரம்பிவிட்டது. நாலு பேருக்கு முன்னால் நின்று கதைக்க எனக்கு வராது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் குசினிக்குள்தான் நிற்பேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு திதியைச் சொல்லிவிட்டு உள்ளே போவது எனக்குத் தோதாக இருந்தது. சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் ஒரு கிழமை மினக்கெட்டு இருந்து, அந்த வருடத்தில் யாருக்கு எந்தத் திகதி என்று எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதிவிடுவேன். பிறகு யார் கேட்டாலும் தாளைப் பார்த்துச் சொன்னால் சரி.

லண்டனில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கத்தார் மருமகளிடம் கேட்டுத்தான் இந்த இணையப் பக்கம் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் தாய் தகப்பனின் பெயரைத் தேடினால், இந்த வருடத் திவசம் எந்த நாள் என்று அது காட்ட வேண்டும். மாசி மாதம் முழுவதும் பின்னேரங்களில் நான் கதிரையில் இருந்து கொப்பியை வாசித்தேன். அவள் தட்டினாள்.

"திதியை வாசிக்காதையுங்கோ மாமி. திகதியும் நேரமும் காணும். மிச்சத்தை ஸ்கிரிப்ற் பாக்கும்."

"அது ஆர்?"

"ஆளில்லை, மாமி. சேவர் எண்டு ஒரு கொம்பியூட்டர் வேற நாட்டில ஒரு கட்டடத்துக்குள்ள இருக்கு. ஆராவது கேட்டால் என்ன செய்யவேணும் எண்டு நான் அதுக்கு எழுதிக் குடுக்கிற செய்முறைதான் ஸ்கிரிப்ற். அண்டைக்குச் சந்திரன் எங்க நிண்டது எண்டு பாத்து அதுவே திதியைச் சொல்லும்."

பக்கம் வந்த புதிதில் அது திறக்கவே மாட்டேன் என்று நின்றது. சங்கத் தலைவர் குரல் பதிவு அனுப்பினார்: "பிள்ளை, பக்கத்தைத் திறந்துபோட்டு நான் தேத்தண்ணி வைச்சுக் குடிச்சு, கோப்பையும் கழுவிப்போட்டன். இது இன்னும் சுத்திக்கொண்டு நிக்குது." மருமகள் இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாக எதையோ வாசித்தாள். லொக் என்று பெயராம். யார் வந்து எதைக் கேட்டார்கள், பதில் கொடுக்க எவ்வளவு நேரம் போனது என்று சேவர் தானே எழுதி வைக்கிற கொப்பி. மூன்றாம் நாள் தலையில் கை வைத்தாள்.

"ஒரு ஆள் தன்ர தகப்பனை மட்டும் கேட்டாலும் இது நாலு கொப்பிச் சனத்துக்கும் சந்திரனைத் தேடிப் போகுது. நான் செய்த விசர் வேலை."

பிறகு அதை மாற்றி எழுதினாள். ஒரு தடவை கணித்த விடையைச் சேவர் எடுத்து வைத்திருக்கும். யார் கேட்டாலும் வைத்திருக்கிற விடையைக் கொடுக்கும். "இப்ப உங்கட சித்திரைத் தாள் மாதிரி" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு பக்கம் கண் மூடித் திறக்கமுன் வந்தது. தலைவரும், தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டக்கூட நேரமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

இதெல்லாம் நல்லபடி நடந்து ஐந்தாறு மாதமாகிவிட்டது. நான் என் வீட்டுக்காரரின் பெயரைத் தேடிப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாத திதியா? தேடினது மகன்.

மகன் கனடாவில் இருக்கிறான். இத்தனை வருடமும் தகப்பனுக்குத் திவசம் கொடுத்தது அவரின் தம்பிதான். அவருக்கு இந்த வருடம் முழங்கால் ஏலாமல் போய், மகளோடு இருக்க அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். இனி யார் என்று நான் யோசித்துக்கொண்டு இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மகன் கைபேசியில் எழுதியிருந்தான். "அம்மா, இந்த முறை நான் செய்யிறன். ஊர்ப் பக்கத்தில பாத்தன். அடுத்த கிழமை வெள்ளி. லீவு எடுத்திட்டன், இஞ்ச கோயில் ஐயருக்கும் சொல்லிப்போட்டன். நீங்கள் குடுத்த விபரம்தானே, பிழைக்காது."

அதை நான் பத்துத் தடவை வாசித்திருப்பேன். அவன் போய் இருபது வருடத்துக்கு மேல். தகப்பனின் செத்தவீட்டுக்கும் வர முடியவில்லை. தானாகக் கேட்டுச் செய்யப்போகிறான் என்று நெஞ்சு நிறைந்துதான் திங்கள் விடிய அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அங்கே தசமி நின்றது. ஏகாதசி அதற்கு அடுத்த நாள், சனி.

திங்களும் செவ்வாயும் நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்கிரிப்ற் பிழை என்று சொன்னால் மருமகளின் மனம் நோகும். சங்கத்தாருக்குத் தெரிந்தால் அவளைத்தான் பகிடி பண்ணுவார்கள். சொல்லாமல் விட்டால் அந்த மனிசன் சனிக்கிழமை வந்து வாசலைப் பார்த்துவிட்டுப் பசியோடு போக வேண்டியதுதான். ஆணம் வைக்கத் தேங்காய் துருவினேன், பால் பிழிய மறந்து போனேன். வாசல் படலை வரை போவேன், எதற்குப் போனேன் என்று நின்றுவிட்டுத் திரும்புவேன்.

புதன்கிழமை அவளே கேட்டாள். "மாமி, இருங்கோ. ஒண்டில் உங்களுக்கு வருத்தம், இல்லாட்டில் எனக்குக் கலியாணம் பேசிறியள். எது?"

"மாமான்ர திதி பிழையாக் காட்டுது, பிள்ளை."

அவள் சிரிப்பை விட்டாள். கொப்பியை வாங்கிப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி கொப்பியைப் பார்த்தாள். பிறகு கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மேசையில் இருந்தாள்.

முதலில் பஞ்சாங்கத்தில் சந்தேகப்பட்டாள். வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், தான் எடுத்த கணக்கு எதோடு போகிறது என்று பார்த்தாள். அதனால் சில நாழிகைதான் மாறும், ஒரு நாள் முழுக்க மாறாது என்று விட்டாள். அடுத்தது சேவரின் மணிக்கூடு. அது இருக்கிற நாட்டில் இங்கே பகலாக இருக்கும்போது இரவாம். அந்த நாட்டு நேரத்தை எடுத்துக் கணித்துவிட்டதோ என்று பார்த்தாள். இல்லை, எங்கள் நேரத்தைத்தான் எடுத்திருந்தது. அரசாங்கம் சில வருடம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்ததே, பழைய நேரம் புதிய நேரம் என்று எல்லாரும் குழம்பித் திரிந்தோமே, அதையும் போய்த் தோண்டினாள். அவர் இறந்தது அந்தக் காலத்துக்குப் பிறகு என்று தெரிய அதையும் விட்டாள்.

நான் ஒவ்வொரு முறையும் அவளின் முகத்தைப் பார்ப்பேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் அந்தப் பாதை அடைபட்டது என்று அர்த்தம். வியாழன் பின்னேரத்துக்குள் ஏழெட்டுத் தடவை துடைத்துவிட்டாள். இடையில் கரண்டும் போய்விட்டு வந்தது.

"மாமி, நாங்கள் மாமாவை மட்டும் பாக்கிறம். எல்லாரையும் பாப்பம். நீங்கள் கொப்பியில இருக்கிற திதியை வாசியுங்கோ. அது சொல்லுறதோட ஒத்துப்போகுதோ எண்டு நான் பாக்கிறன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொடங்கினோம். அவரின் திவசத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. முதலாம் கொப்பி முழுக்கச் சரி, இரண்டு பேரைத் தவிர. இரண்டாம் கொப்பியில் மூன்று பேர். நாலாம் கொப்பி முடிந்தபோது பதினொரு பேர் பிழை. எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஒரு திதி முந்திக் காட்டியது. மற்றவர்களுக்கு மயிரளவும் பிசகவில்லை.

"ஸ்கிரிப்ற் பிழையெண்டால் எல்லாருக்கும் பிழைக்கோணும். இந்தப் பதினொரு பேரும் அதுக்கு என்ன செய்தவை?" என்று அவள் பெயர்களை ஒரு தாளில் எழுதினாள். ஆண்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். அனலைதீவில் இருந்து இங்கே கட்டி வந்த ஒருத்தி, பாம்பு கடித்துப் போன ஒருவர், மூன்று நாள் வயதுள்ள ஒரு குழந்தை. அவள் தாளை என் பக்கம் திருப்பினாள். "மாமா போன அண்டு என்ன நடந்தது? தொடக்கத்தில இருந்து சொல்லுங்கோ."

சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவள் பேனாவோடு இருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை இரவு புட்டுச் சாப்பிட்டிட்டுத்தான் படுத்தவர். விடியப்புறம் மூண்டு மணிக்கு எழும்பி நெஞ்சு நோகுது எண்டார். தண்ணி எடுக்கப் போனனான். வாறதுக்குள்ள…"

"மூண்டு மணி."

"ஓம். செவ்வாய் இரவு மூண்டு மணி."

அவள் பேனாவை வைத்தாள். "மூண்டு மணியெண்டால் புதன், மாமி."

"செவ்வாய் இரவு எண்டுதானே சொல்லுறன்."

"பன்ரண்டு மணிக்கே புதன் பிறந்திட்டுது."

"விடியாமல் எப்பிடிப் பிள்ளை புதன் பிறக்கும்?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு திரையில் பதினொரு பேரின் நேரத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எடுத்துக் காட்டினாள். ஒரு மணி, மூன்று மணி, நாலே கால், மூன்றரை, இரண்டு மணி. ஒருவரும் விடிந்த பிறகு போகவில்லை. ஒருவரும் பன்னிரண்டுக்கு முன்னால் போகவில்லை.

எங்கள் ஊரில் கேட்டால் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். சூரியன் எழும்பினால் நாள், எழும்பும் வரை அது போன இரவு. ஐயரும் அப்படியேதான் பஞ்சாங்கம் பார்த்தார், அதனால் திதி சரியாக வந்தது. நான் கொப்பியில் திகதி எழுதியபோது செவ்வாய்க்கு என்ன திகதியோ அதைப் போட்டேன். மருமகள் அதை அப்படியே தட்டினாள். செவ்வாய்க்கிழமை விடியப்புறம் மூன்று மணி என்று சேவர் விளங்கிக்கொண்டது. அவர் எழும்பித் தோட்டத்துக்கு இறைக்கப் போகமுன்னரே, ஒரு முழு நாளுக்கு முந்தி, அவரைச் சாகடித்துவிட்டோம்.

நான் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து அவரின் மரண அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்தேன். புதன்கிழமைத் திகதிதான் இருந்தது. ஓய்வூதியத்துக்கு, காணி எழுத, எத்தனை தடவை அந்தக் கடதாசியைக் கையில் கொண்டு அலைந்திருப்பேன். ஒரு நாளும் அது என் கண்ணில் படவில்லை.

"பரவாயில்லை மாமி, இப்ப மாத்துவம்" என்று அவள் பதினொன்றையும் திருத்தினாள். நான் கைபேசியில் பக்கத்தைத் திறந்தேன். தசமி. மூடித் திறந்தேன். தசமி. 

"மாறேல்லை, பிள்ளை."

"மாத்தினனான்."

"நிக்குது. வந்து பார்."

அவளும் வந்து பார்த்தாள். தானும் ஒரு தடவை மூடித் திறந்தாள். பிறகு நெற்றியில் அடித்தாள். "பழைய விடையைப் பிடிச்சு வைச்சிருக்கு. கெதியா ஓடவேணும் எண்டு நான்தானே வைச்சிருக்கச் சொன்னனான். புதுசாக் கணிக்கச் சொல்லி ஒருதரும் அதுக்குச் சொல்லேல்லை." எதையோ தட்டினாள். "இப்ப திறவுங்கோ."

ஏகாதசி வந்தது. சனிக்கிழமை என்று வந்தது. எனக்கு ஆறுதல் வரவில்லை. அந்தப் பதினொரு பேரில் மூன்று குடும்பம் ஆனியிலும் ஆடியிலும் ஏற்கெனவே திவசத்தை முடித்துவிட்டார்கள். பக்கத்தைப் பார்த்து, நாள் எடுத்து, சோறு ஆக்கிப் படைத்துவிட்டார்கள்.

மருமகள் ஓர் அறிவித்தல் எழுதிக் காட்டினாள். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று அது தொடங்கியது.

"கோளாறு ஒண்டும் இல்லையே" என்றேன்.

"எல்லாரும் இப்பிடித்தான் போடுறவை, மாமி. ஒருதரும் ஏன் எண்டு கேளாயினம்."

"அது நான் குடுத்ததைத்தானே கணிச்சது. நீயும் நான் வாசிச்சதைத்தானே தட்டினனீ."

"அப்ப என்ன போட?"

நானே எழுதுகிறேன் என்று கடதாசியை வாங்கினேன். குசினிக்குள் போய் இருந்து எழுதினேன். சனிக்கிழமை முழுவதும் அந்த ஐந்து வரிதான் என் வேலை. 'வணக்கம். கரம்பொனில் கொப்பி எழுதினவள் எழுதுகிறேன். இரவு பன்னிரண்டுக்கும் விடியலுக்கும் இடையில் இறந்த பதினொரு பேரின் திகதியை நான் ஒரு நாள் முந்தி எழுதியிருக்கிறேன். பிழை என்னுடையது, பக்கத்தினுடையது அல்ல. பெயர்கள் கீழே இருக்கின்றன. திவசம் முடித்த மூன்று குடும்பமும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். விடுபட்டதைப் புரட்டாதி மாளயத்தில் சேர்த்துக் கொடுக்கலாம் என்று எங்கள் ஐயர் சொன்னார்.' ஐயரிடம் கேட்கக் கோயில் வரை நடந்து போய், ஆட்கள் போகட்டும் என்று கோயில் கிணற்றடியில் அரை மணித்தியாலம் நின்றதை எழுதவில்லை.

அந்த அறிவித்தல் போன பிறகு கைபேசியை அரிசிப் பானைக்கு மேல் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். மருமகள்தான் எடுத்து வந்து குரல் ஒன்றைப் போட்டாள். பாரிசில் இருக்கிற அனலைதீவுக்காரியின் மகள். "அக்கா, எங்கட அம்மா நாள் பாத்தே சாப்பிட்டவ? முதல் நாள் வைச்சாலும் சாப்பிட்டிருப்பா, அடுத்த நாளும் வந்து கேட்டிருப்பா. மாளயத்துக்கு இன்னொருக்கால் போடுறன். யோசிக்காதையுங்கோ." மற்ற இரண்டு குடும்பமும் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்றைக்கும் எனக்குக் குத்திக்கொண்டுதான் இருக்கிறது.

மகனுக்கு மட்டும் நான் எழுதவில்லை. கைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். அங்கே விடியற்காலை, அவன் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான்.

"வெள்ளி இல்லையடா. சனி. நான்தான் பிழையா எழுதிப்போட்டன்."

 சப்பாத்துக் காலால் நிலத்தில் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"சனி எனக்கு வேலை, அம்மா. லீவை மாத்தித் தரமாட்டாங்கள். ஐயருக்கும் சனி கலியாணம் ஒண்டு."

அப்படியென்றால் வெள்ளிக்கே செய் என்று சொல்ல முடியவில்லை.  செய்யாதே என்றும் சொல்ல முடியவில்லை. இருபது வருடத்துக்குப் பிறகு அவன் கேட்ட ஒரு நாளை நான் பிழையாகக் கொடுத்திருந்தேன்.

"பாத்துச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டான்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் ஒரு செய்தியும் இல்லை. நான் கைபேசியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். மணி அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டாலும் பயம். புதன்கிழமை கூப்பிட்டான்.

"அம்மா, ஏகாதசி எந்தச் சனி? உங்கட சனியோ, எங்கட சனியோ?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அதை நானும் யோசிக்கவில்லை, மருமகளும் யோசிக்கவில்லை. அவள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு, "ஐயோ, தேடுற ஆள் எந்த ஊரில எண்டும் பக்கத்தைக் கேக்கப் பண்ணோணும்" என்று முணுமுணுத்தபடி எங்கோ எழுதினாள். நான் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஏகாதசி எங்களுக்குச் சனி பின்னேரம் ஐந்து மணி தாண்டும் வரை நின்றது. அவள் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தாள். அவனுக்கு அது காலை ஏழரை மணி.

"நல்லதாப் போச்சு" என்றான் மகன். "எனக்கு எட்டு மணிக்குத்தான் வேலை. ஐயர் வேண்டாம், நானே வீட்டில படைக்கிறன். என்னென்ன கறி எண்டு சொல்லுங்கோ. அப்பாவுக்கு வாழைக்காய் விருப்பம், அது தெரியும். மிச்சம் தெரியாது."

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிக்கொண்டான். பயித்தங்காய் அங்கே கிடைக்குமா என்று கேட்டேன். ஊரில் கிடைக்காததும் அங்கே கிடைக்கும் என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் நான் என் பங்குக்கு ஆக்கி, படத்துக்கு முன்னால் இலை போட்டு, காகத்துக்கும் வைத்தேன். மருமகள் சாப்பிட்டாள். எனக்கு இறங்காது என்று தெரியும், அதனால் சாப்பிட இருக்கவில்லை. மூன்று மணிக்கு முற்றத்தைக் கூட்டினேன். மூன்றரைக்கு அவள் விளக்குமாற்றைப் பிடுங்கி மால் கொட்டிலின் மூலையில் சாத்தினாள்.

நாலு மணிக்குக் கைபேசி அடித்தது. திரையில் அவன். பின்னால் ஒரு சின்ன மேசை, தகப்பனின் படம், இலையில் சோறும் கறிகளும். வாழைக்காய்ப் பொரியல் கொஞ்சம் கருகியிருந்தது.

"எல்லாம் ரெடி, அம்மா. படைக்கட்டோ?"

"விடிஞ்சிட்டுதோ?"

அவன் யன்னல் பக்கம் போய்த் திரைச்சீலையை விலக்கினான். வெளியே ஒரே சாம்பல் நிறம்.

"இல்லை. இன்னும் கொஞ்சம் கிடக்கு."

"அப்ப பொறு. இப்ப படைச்சால் அது வெள்ளிக்கிழமை."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கைபேசியை யன்னலில் சாத்தி வைத்துவிட்டு அருகில் நின்றான்.  எதிர்க் கட்டடத்தின் உச்சியில் ஒரு கண்ணாடி முதலில் வெளுத்தது, பிறகு மஞ்சளானது. மருமகள் என் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"விடிஞ்சிட்டுது, அம்மா."

"இனிப் படை" என்றேன்.